மூலநிரலைத் திறந்து விடுவதா, பூட்டி வைப்பதா?

இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து சின்ன கிளினிக்குகளுக்கான அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு பகுதிகள்: நேரங்கள் ஒன்றோடொன்று மோதாமல் கணக்குப் போட்டுத் தரும் ஒரு லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு), அப்புறம் அதை வைத்து சர்வரில் ஓடும் முழு அப்ளிகேஷன். ஒரு நண்பர் எல்லாவற்றையும் ஓப்பன் சோர்ஸாக, அதாவது மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றும்படி, போட்டுவிடலாம் என்கிறார். இன்னொருவர், போட்டால் பெரிய கம்பெனி ஒன்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயப்படுகிறார். நீங்கள் நடுவில் நின்று, இப்போதைக்குத் திறந்து வைப்போம், வருமானம் வர ஆரம்பித்தால் பிறகு மூடிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: வேண்டாம். மூடியதை என்றைக்கு வேண்டுமானாலும் திறக்கலாம், திறந்ததை மூடுவது நடக்காத காரியம். ஒரு பதிப்பை எம்ஐடி, ஜிபிஎல் போன்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம் ஒன்றில் வெளியிட்டுவிட்டால் அந்தப் பதிப்பு அந்த உரிமத்தோடுதான் ஊரெல்லாம் சுற்றும், அதை எடுத்துக்கொண்டவரிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியாது. அடுத்த பதிப்பிலிருந்து உரிமத்தை மாற்றலாம், அது உங்கள் உரிமை. ஆனால் பழைய பதிப்பை யார் வேண்டுமானாலும் ஃபோர்க் செய்து, அதாவது தனிக் கிளையாகப் பிரித்து, தொடர்ந்து வளர்க்கலாம், அது அவர்கள் உரிமை. உங்கள் மென்பொருள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் இந்த மாற்றத்தைச் செய்ய நினைப்பீர்கள். ஃபோர்க் செய்ய ஆள் இருப்பதும் அதே நேரத்தில்தான்.

இது கற்பனை இல்லை. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் என்ற தன் சர்வர் நிர்வாகக் கருவியின் உரிமத்தை எம்பிஎல் 2.0 என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்திலிருந்து, போட்டிச் சேவைகளைத் தடுக்கும் பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸுக்கு மாற்றியது. அடுத்த மாதமே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ஓப்பன்டோஃபு என்ற ஃபோர்க் வந்துவிட்டது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் பிஎஸ்டி என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தைக் கைவிட்டது, சில நாட்களிலேயே வால்கீ என்ற ஃபோர்க் பிறந்தது. அதில் சேர்ந்தவர்களில் ரெடிஸுக்கே பல வருடங்களாக நிரல் எழுதிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். தேடல் மென்பொருள் செய்யும் எலாஸ்டிக் 2021 தொடக்கத்தில் அப்பாச்சி உரிமத்தை விட்டது, அமேசான் அதே வருடம் ஓப்பன்சர்ச் என்று தனியே கொண்டுபோனது. பிறகு என்ன ஆனது பாருங்கள்: எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தைச் சேர்த்து மறுபடி பழைய பக்கம் வந்தன. ஃபோர்க்குகள் மட்டும் போனது போனதுதான், திரும்பி வரவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிகளே இப்படிப் போய்ச் சுற்றி வர வேண்டியிருந்தது என்றால், மூன்று பேர் கொண்ட குழு அந்த வழியில் காலை வைக்கவே வேண்டாம்.

மாறாக, மூடியிருந்ததைத் திறந்து பிழைத்த கதைகள் உண்டு. பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் அப்படித்தான். அதை வைத்திருந்த கம்பெனி 2002-இல் மூடப்பட்டது. முதலீட்டாளர்கள் 1,00,000 யூரோ கொடுத்தால் மூலநிரலை விட்டுத்தர ஒப்புக்கொண்டார்கள். அதை உருவாக்கிய டோன் ரோசன்டால் பொதுமக்களிடம் கேட்டார், ஏழு வாரத்தில் பணம் சேர்ந்தது, அந்த அக்டோபரிலேயே ஜிபிஎல்லில் வெளியானது. இன்று அனிமேஷன் செய்கிறவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தவே தேவையில்லை.

ஆகவே என் கருத்து ஒன்றுதான்: பத்து வருடம் கழித்தும் மாற்றாமல் வைத்திருக்க முடிகிற உரிமம் எதுவோ அதை இன்று தேர்ந்தெடுங்கள். எதுவென்று உறுதியாகத் தெரியவில்லையா, தெரியும்வரை மூடியே வையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் எம்ஐடியா ஜிபிஎல்லா என்று வாரக்கணக்கில் வாதம் செய்துவிட்டு இதைக் கவனிக்கவே மாட்டார்கள். எழுதியவருக்குப் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும், எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை, பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எல்லாம் இதுதான் நிலை. சிக்கல் என்னவென்றால், மூன்று பேர் எழுதினால் மூன்று பேருக்கும் வரும். அதில் ஒருவர் வேலையில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வேலை ஒப்பந்தத்தில், பணிக்காலத்தில் எழுதும் நிரல் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி இருக்கலாம். சில ஒப்பந்தங்களில் அலுவலக லேப்டாப்பில் செய்ததற்கு மட்டும் அது பொருந்தும், சிலவற்றில் அதே துறை சார்ந்த எதற்கும் பொருந்தும். அந்தப் பக்கத்தை மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். சந்தேகம் இருந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இது முடியாமல் எந்த உரிமத்தைப் போட்டாலும் அது வெறும் காகிதம்தான், ஏனென்றால் தனக்குச் சொந்தமில்லாததை யாரும் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது.

அடுத்து, நீங்கள் உள்ளே இழுத்துப் போட்டிருக்கும் மற்றவர்களின் லைப்ரரிகள். உங்கள் அப்ளிகேஷன் ரசீதை பிடிஎஃப்பாகக் கொடுக்கிறது என்கிறீர்கள். எதை வைத்து? ஐடெக்ஸ்ட் என்றாலும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்றாலும் இரண்டுமே ஏஜிபிஎல், அதாவது தன்னைச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருளையும் திறக்கச் சொல்லும் உரிமம், இல்லையென்றால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். மூடிய அப்ளிகேஷனுக்குள் ஏஜிபிஎல் லைப்ரரி ஒன்றை ஒட்டவைத்து ஓட்டினால், திறப்பதா மூடுவதா என்ற உங்கள் கேள்விக்கு அந்த லைப்ரரியின் ஆசிரியர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். நேரடியாகச் சேர்த்தவற்றை மட்டும் பார்த்தால் போதாது, அவை தம் பங்குக்கு இழுத்துவரும் லைப்ரரிகளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் இதைப் பட்டியலிட்டுத் தரும் கருவிகள் இருக்கின்றன, ஒரு மாலை நேரம் போதும். கம்பெனியை விற்கும் நேரத்தில் வாங்குகிறவரின் வக்கீல் கேட்கும் முதல் பட்டியல்களில் இதுவும் ஒன்று. அப்போது உட்கார்ந்து லைப்ரரியை மாற்றுவதைவிட இப்போது மாற்றுவது எவ்வளவோ சுலபம்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொது ரெப்போவாக (எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியமாக) போட்டாலே ஓப்பன் சோர்ஸ் ஆகிவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆகாது. உரிமக் கோப்பு இல்லாத ரெப்போவில் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. கிட்ஹப்பின் விதிமுறைப்படி மற்றவர்கள் அதைப் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள் ஃபோர்க் செய்யலாம், அவ்வளவுதான். தங்கள் புராஜெக்டில் பயன்படுத்த முடியாது. எனவே உரிமம் போடாமல் பொதுவில் வைப்பது இரண்டும் கெட்டான் நிலை: கவனமாக இருக்கும் நல்லவர்கள் தொட மாட்டார்கள், கவலைப்படாதவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சரி, இப்போது உரிமங்களுக்கு வருகிறேன். நூற்றுக்கும் மேல் இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது கைவிரலில் அடங்கும்.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 ஆகியவை தாராள உரிமங்கள். என் பெயரையும் இந்த உரிம வாசகத்தையும் வைத்துக்கொள், மற்றபடி உன் இஷ்டம் என்பதே சாரம். மூடிய மென்பொருளுக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம், விற்கலாம், உங்களுக்குத் தகவல்கூடச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கடைசி வரியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் எழுதிய மினிக்ஸ் 3 என்ற இயங்குதளம் பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. இன்டெல் அதை எடுத்துத் தன் சில்லுகளில் இருக்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற உள் நிர்வாகப் பகுதிக்குள் வைத்தது. உலகமெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் தன் நிரல் ஓடுகிறது என்பதை அவர் 2017-இல் செய்தி பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பணம் கேட்கவில்லை, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் பகிரங்கக் கடிதம் எழுதினார். இன்டெல் எந்த விதியையும் மீறவில்லை. தாராள உரிமம் போடும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நாளை இதேபோல் நடந்தால் மகிழ்ச்சியாக இருக்குமா, தூக்கம் கெடுமா? மகிழ்ச்சி என்றால் தாராளமாகப் போடலாம். தூக்கம் கெடும் என்றால் அது உங்களுக்கான உரிமம் இல்லை.

தாராள உரிமங்களுக்குள் என் விருப்பம் அப்பாச்சி 2.0. காரணம் பேட்டன்ட். எம்ஐடி பேட்டன்ட் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது. அப்பாச்சி உரிமமோ, நிரல் கொடுத்தவர் அதோடு தொடர்புடைய தன் பேட்டன்ட் உரிமைகளையும் சேர்த்தே தருகிறார் என்று எழுதியே வைத்திருக்கிறது. அந்த மென்பொருள் தன் பேட்டன்டை மீறுகிறது என்று யாராவது வழக்குப் போட்டால், அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் உரிமை அன்றோடு போய்விடும். பேட்டன்ட் விஷயத்தில் பெரிய நிறுவனங்கள் எவ்வளவு உஷாராக இருக்கும் என்பதற்கு, இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் ரியாக்ட் லைப்ரரி சாட்சி. ஃபேஸ்புக் அதை பிஎஸ்டியோடு தனியாக ஒரு பேட்டன்ட் நிபந்தனையையும் சேர்த்து வெளியிட்டிருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி ஃபவுண்டேஷன் தன் புராஜெக்டுகளில் அந்த உரிமம் கூடாது என்றது, செப்டம்பரில் ஃபேஸ்புக் இறங்கிவந்து எம்ஐடிக்கு மாற்றியது. ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3-ஓடு சேர்க்கலாம், ஜிபிஎல் 2-ஐ மட்டும் வைத்திருக்கும் புராஜெக்டோடு சேர்க்க முடியாது.

அடுத்த வகை காப்பிலெஃப்ட். நீ எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் இதே உரிமத்தில் கொடு என்பது ஜிபிஎல்லின் கட்டளை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் கொண்டுவந்தது, இரண்டாம் பதிப்பு 1991, மூன்றாவது 2007. லினக்ஸ் கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. அதை எழுதிய லைனஸ் டோர்வால்ட்ஸ் முதலில் பணத்துக்கு விநியோகிக்கக் கூடாது என்ற சொந்த உரிமம் ஒன்றைத்தான் போட்டிருந்தார், 1992-இல்தான் ஜிபிஎல்லுக்கு மாற்றினார். தடையை எடுத்த பிறகுதான் அது உலகம் முழுக்கப் பரவியது. காசு பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையைப் போடலாமா என்று யோசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

காப்பிலெஃப்ட் வெறும் லட்சியப் பேச்சு, யாரும் மதிக்க மாட்டார்கள் என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அப்படியில்லை. லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். மூலநிரல் எங்கே என்று விடாமல் கேட்டார்கள். அந்த வருடமே நிறுவனம் வெளியிட வேண்டியதாயிற்று, அதிலிருந்து கிளம்பியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ஓப்பன் சோர்ஸ் ரவுட்டர் மென்பொருள். ஜெர்மனியில் லினக்ஸ் டெவலப்பர் ஹரால்ட் வெல்டே 2004-லேயே ஜிபிஎல்லுக்காக நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கியிருக்கிறார். அமெரிக்காவில் பொம்மை ரயில்களை இயக்கும் ஒரு மென்பொருள் தொடர்பான ஜேக்கப்சன் - காட்சர் வழக்கில், ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகவே கருதப்படலாம் என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இலவசமாகக் கொடுத்தாலும் நிபந்தனை நிபந்தனைதான்.

ஆனால் உங்கள் அப்ளிகேஷன் சர்வரில் ஓடுகிறது. ஜிபிஎல்லின் கட்டளை பிரதி கொடுக்கும்போதுதான் செல்லும். சர்வரில் வைத்து ஓட்டி, மக்கள் பிரவுசர் வழியே பயன்படுத்தினால் பிரதி கொடுத்ததாக ஆகாது. உங்கள் அப்ளிகேஷனை ஒருவர் எடுத்து, பத்து புதிய வசதிகளைச் சேர்த்து, தன் சேவையாக விற்கலாம், ஒரு வரியைக்கூடத் திருப்பித் தராமல். இந்த ஓட்டையை அடைக்க வந்தது ஏஜிபிஎல்: மாற்றியமைத்த பதிப்பை நெட்வொர்க் வழியே பயன்படுத்துகிறவர்களுக்கும் மூலநிரல் கிடைக்க வழி செய்தாக வேண்டும். பல பெரிய நிறுவனங்கள் ஏஜிபிஎல் என்றாலே எட்டி நிற்கும், கூகுள் தன் உள்வேலைகளில் அதைத் தடைசெய்தே வைத்திருக்கிறது. உங்கள் நண்பரின் பயம் பெரிய கம்பெனி என்றால், பெரிய கம்பெனிக்கே பயம் தரும் உரிமம் இதுதான்.

நடுவில் எல்ஜிபிஎல், எம்பிஎல் இரண்டும் இருக்கின்றன. எல்ஜிபிஎல்லில் காப்பிலெஃப்ட் லைப்ரரியோடு நிற்கும், அதைப் பயன்படுத்தும் மென்பொருளை மூடியே வைக்கலாம். எம்பிஎல்லில் காப்பிலெஃப்ட் கோப்பு அளவில் நிற்கும்: என் கோப்பைத் திருத்தினால் அந்தத் திருத்தத்தைத் திற, பக்கத்தில் வைக்கும் உன் கோப்பு உன்னுடையது. நியாயமான உரிமம், இன்னும் அதிகப் பேர் பயன்படுத்தலாம்.

இப்போது அந்தப் பயத்துக்கே வருவோம், ஏனென்றால் முடிவை உண்மையில் இழுத்துக்கொண்டு போவது அதுதான். பெரிய கிளவுட் நிறுவனங்கள் ஓப்பன் சோர்ஸை எடுத்துச் சேவையாக விற்பது உண்மை. மோங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம் அதனால்தான் ஏஜிபிஎல்கூடப் போதாது என்று 2018 அக்டோபரில் எஸ்எஸ்பிஎல் என்ற சொந்த உரிமத்துக்குப் போனது. மென்பொருளைச் சேவையாகக் கொடுத்தால் அந்தச் சேவையை நடத்தும் கருவிகளையெல்லாம் திறக்க வேண்டும் என்று கேட்கும் உரிமம் அது. எது ஓப்பன் சோர்ஸ் உரிமம் என்று அங்கீகரிக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அதை ஏற்கவில்லை, லினக்ஸ் தொகுப்புகளான டெபியனும் ஃபெடோராவும் மோங்கோடிபியைத் தங்கள் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டன. அமேசான் என்ன செய்தது? 2019 ஜனவரியில் டாக்குமென்ட்டிபி என்று ஒன்றை வெளியிட்டது. மோங்கோடிபியோடு மற்ற நிரல்கள் பேசும் ஏபிஐ என்ற இடைமுகத்துக்கு இணக்கமாக, தானே எழுதியது. உரிமம் காப்பாற்றுவது உங்கள் வரிகளை. உங்கள் யோசனையை அது காப்பாற்றாது. அவ்வளவு பலமுள்ள ஒருவர் உங்கள் சந்தைக்கு வர முடிவு செய்துவிட்டால் மூடி வைத்தாலும் வருவார்.

அதோடு, இந்தப் பெயர்களெல்லாம் ஏற்கெனவே லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய மென்பொருள்கள். உங்களுக்கு இப்போது எத்தனை கிளினிக்? உங்கள் கட்டத்தில் இருக்கும் புராஜெக்டுகளில் திருடப்பட்டு அழிந்தவற்றைவிட யாரும் கண்டுகொள்ளாமல் அழிந்தவை பல மடங்கு அதிகம். இதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் லைப்ரரிக்கு முதல் ஆபத்து திருட்டு இல்லை, அநாமதேயம்.

இதனால் எல்லாவற்றையும் திறங்கள் என்று சொல்ல வரவில்லை. மூடி வைப்பதுதான் சரி என்ற இடங்கள் இருக்கின்றன. மென்பொருளின் மதிப்பு முழுவதும் சில ஆயிரம் வரிகளுக்குள் அடங்கியிருந்தால், அதை அப்படியே விற்பதுதான் உங்கள் வருமானம் என்றால், வாங்குகிறவர்கள் டெவலப்பர்களாக இல்லாமல் சாதாரணப் பயனர்களாக இருந்தால், மூடுவது நேர்மையான வழி. கிளினிக் நடத்துகிற டாக்டர் நிரலைத் திருத்தி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்பப் போவதில்லை. அவருக்கு வேண்டியது இரண்டு உறுதிமொழி: என் நோயாளிகளின் தரவை என்றைக்கு வேண்டுமானாலும் வெளியே எடுக்க முடியுமா, நீங்கள் கடையைச் சாத்தினால் என் கதி என்ன? முதலாவதற்கு, எந்த மென்பொருளும் வாசிக்கக்கூடிய பொது வடிவத்தில் ஏற்றுமதி வசதி கொடுங்கள். இரண்டாவதற்கு, நாங்கள் நிறுத்தினால் மூலநிரல் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், நடுவர் ஒருவரிடம் நிரலை ஒப்படைத்து வைக்கும் எஸ்க்ரோ முறையே இதற்கென்று இருக்கிறது. மூடிய மென்பொருளிடம் மக்கள் உண்மையில் கோபப்படுவது தரவு சிறைப்படுவதைப் பார்த்துத்தான். அந்தப் பூட்டைப் போடாதீர்கள், மற்ற பூட்டை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

திறந்தால் காசு வராது என்பதும் தவறு. வழிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையோடு வருகிறது. பதிப்புரிமை முழுவதும் உங்கள் கையில் இருந்தால் ஒரே நிரலை ஏஜிபிஎல்லில் எல்லோருக்கும் கொடுக்கலாம், திறக்க விரும்பாதவருக்கு வணிக உரிமத்தில் விற்கவும் செய்யலாம். உரிமம் கொடுப்பவரை அந்த உரிமமே கட்டாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இப்படித்தான் வளர்ந்து 2008-இல் சன் நிறுவனத்திடம் சுமார் 100 கோடி டாலருக்குப் போனது, க்யூட்டியும் கோஸ்ட்ஸ்கிரிப்டும் இன்றும் இப்படித்தான். நிபந்தனை என்ன? வெளியாள் ஒருவர் பத்து வரி அனுப்பி நீங்கள் சேர்த்துக்கொண்டால் அந்தப் பத்து வரியின் பதிப்புரிமை அவருடையது, அவர் அனுமதியில்லாமல் வணிக உரிமத்தில் விற்க முடியாது. ஆகவே முதல் புல் ரிக்வெஸ்டை ஏற்கும் முன்பே பங்களிப்பாளர் ஒப்பந்தம் தயாராக இருக்க வேண்டும். பின்னால் தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று விஎல்சி வீடியோ பிளேயரின் குழுவைக் கேட்டால் சொல்வார்கள். 2011-லும் 2012-லும் ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, வருடக்கணக்கில் பங்களித்த 200-க்கும் மேற்பட்ட டெவலப்பர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சம்மதம் வாங்கினார்கள்.

அல்லது எஞ்சினைத் திறந்து உள்ளடக்கத்தை மூடலாம். ஐடி சாஃப்ட்வேர் டூம், குவேக் விளையாட்டுகளின் நிரலைத் திறந்து, படங்கள், ஒலி, நிலைகள் அடங்கிய தரவுக் கோப்புகளைத் தன் வசம் வைத்துக்கொண்டது. எஞ்சின் எத்தனையோ கருவிகளில் மறுபிறவி எடுத்தது, விளையாட மூலத் தரவை வாங்கித்தான் ஆக வேண்டும். அல்லது நிரலை முழுக்கத் திறந்து, அதை நடத்திக் கொடுக்கும் வேலைக்குக் கட்டணம் வாங்கலாம். வேர்ட்பிரஸ் ஜிபிஎல்தான், யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நிறுவலாம், ஆனால் பேக்கப், அப்டேட் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் காசு கொடுத்து நடத்தச் சொல்கிறார்கள். உங்கள் டாக்டர்களில் எத்தனை பேர் சொந்தமாக சர்வர் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?

திறப்பதற்கு முன் ஒன்றை நன்றாக யோசியுங்கள், உழைப்பு. எல்லா உரிமங்களிலும், உள்ளது உள்ளபடி தருகிறோம், உத்தரவாதம் எதுவும் இல்லை என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கும். சட்டப்படி நீங்கள் யாருக்கும் எதற்கும் கடமைப்படவில்லை. ஆனால் மனிதர்கள் கேட்பார்கள், கோபிப்பார்கள், நாளைக்குள் சரிசெய்யச் சொல்வார்கள். இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை தெரியவந்தபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த மென்பொருளில் முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிவந்த விவகாரம் அதைவிட வேதனையானது: களைத்துப்போயிருந்த பராமரிப்பாளர் ஒருவருக்கு உதவுவதுபோல் வந்து, இரண்டு வருடத்துக்கும் மேல் நம்பிக்கை சேர்த்து, கடைசியில் பின்கதவு வைத்தார்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற டெவலப்பர் கவனித்திருக்காவிட்டால் அது உலகமெங்கும் பரவியிருக்கும். ஆகவே நிரலைத் திறப்பதும் பங்களிப்புக்குக் கதவைத் திறப்பதும் ஒன்றில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் யார் வேண்டுமானாலும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்தாகவே விடப்பட்டிருக்கிறது, ஆனால் வெளியார் அனுப்பும் நிரலை அந்தக் குழு பொதுவாக ஏற்பதில்லை. முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்றால், லைப்ரரியைத் தனி ரெப்போவாகப் பிரித்து அப்பாச்சி 2.0-இல் திறந்துவிடுவேன். நேரம் மோதாமல் கணக்குப் போடுவது எல்லோருக்கும் தேவைப்படும் வேலை, சலூனும் ஜிம்மும் பயன்படுத்தினால் நீங்கள் யோசிக்காத பிழைகளெல்லாம் வெளியே வரும், கோடை மாற்றத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் நாடுகளில் வரும் பிழைகள் உட்பட. அப்ளிகேஷனை இப்போதைக்கு மூடியே வைப்பேன், தரவு ஏற்றுமதியோடு. முதல் சில கிளினிக்குகள் காசு கொடுத்துத் தங்கிய பிறகு, அவர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். நிரலுக்குத்தான் என்றால் மூடியே இருக்கட்டும். நடத்திக் கொடுப்பதற்கும் போன் செய்தால் எடுப்பதற்கும்தான் என்றால், ஏஜிபிஎல்லில் திறப்பதில் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அன்றைக்குத் திறக்கலாம்.

பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் மாதிரி நடுவழி உரிமங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிரல் கண்ணுக்குத் தெரியும், போட்டிச் சேவை நடத்தக் கூடாது என்பதுபோல் நீங்கள் விதிக்கும் எல்லை இருக்கும், அதிகபட்சம் நான்கு வருடத்தில் அந்தப் பதிப்பு தானாக ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடும். முதல் நாளிலிருந்தே அதைப் போட்டு, இது ஓப்பன் சோர்ஸ் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னால் எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஓப்பன் சோர்ஸ் என்று கூட்டம் சேர்த்துவிட்டு நடுவில் அதற்கு மாறும்போதுதான் ஜனங்கள் ஏமாந்ததாக உணர்கிறார்கள்.

நடைமுறைக்குச் சில: உரிமத்தை நீங்களே எழுத வேண்டாம், ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டாம், முழு வாசகத்தை அப்படியே லைசென்ஸ் கோப்பில் போடுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எந்த உரிமம் என்று சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி ஒன்று சேருங்கள், கருவிகள் தானாக வாசிக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் ஆவணங்களுக்கும் படங்களுக்கும் நல்லது, நிரலுக்கு அதை அவர்களே பரிந்துரைப்பதில்லை. பெயரையும் லோகோவையும் தனியாகக் காத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிரலின் உரிமம் பெயரைக் கொடுப்பதில்லை. மொசில்லா தன் வணிகச்சின்ன விதிகளில் உறுதியாக நின்றதால்தான் டெபியன் 2006-இலிருந்து பத்து வருடம் ஃபயர்ஃபாக்ஸை ஐஸ்வீசல் என்ற பெயரில் கொடுத்துவந்தது. நிரலை யார் ஃபோர்க் செய்தாலும் உங்கள் பெயரில் விற்க முடியாது என்பது சின்னக் குழுவுக்குப் பெரிய பாதுகாப்பு. அந்தப் பெயர் யார் பேரில் பதிவாகும், மூவரில் ஒருவர் விலகினால் அவர் எழுதிய பகுதியின் பதிப்புரிமை யாரிடம் இருக்கும் என்பதை இந்த வாரமே ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், லைப்ரரியை வெளியிடுவது அதற்குப் பிறகு.